நாரைத் திட்டின் பட்டா

தஞ்சாவூர் மேடையில் ஒலிபெருக்கி தன் பெயரைச் சொன்னபோது, அது தன்னைத்தான் என்று பூவம்மாளுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வயலில் எல்லோருக்கும் அவள் 'பூவு'. வீட்டில் புருஷன் நல்லக்கண்ணுவுக்கு அவள் 'ஏ புள்ள'. இப்படி முழுப் பெயரையும், புருஷன் பெயரையும், அரசவனூர் என்று ஊரையும் சேர்த்து யாரும் அவளைக் கூப்பிட்டதே இல்லை. பக்கத்தில் இருந்த கூலிக்காரர் சங்கத்து மாரியப்பன் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்து ஓடினாள்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் நிலம் என்று உச்சவரம்பை இறக்கி, மிஞ்சியதை வாங்கிக் கூலிக்காரர்களுக்குச் சர்க்கார் பட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மேடையெங்கும் கறுப்பு சிவப்புத் தோரணம். கூட்டத்தில் பாதிக்கு மேல் செங்கொடி. இந்த நிலத்தை வாங்கித் தந்தது யார் என்று இரண்டு தரப்பும் போட்டி போட்டுக் கோஷம் எழுப்பின. பூவம்மாளுக்கு இரண்டு பேர் மேலும் அன்று பிரியம்தான். கொடுத்த காகிதத்தை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறும்வரை அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

ஒரு ஏக்கர் அறுபது சென்ட். பதினேழு வருஷமாக அடுத்தவர் வயலில் குனிந்து நாற்று நட்ட முதுகு அது. பஸ் ஜன்னலோரத்தில் அந்த முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள்.

அம்மாப்பேட்டை தாண்டும்போது மாரியப்பன் காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தார். படித்துவிட்டுச் சும்மா இருந்தார். அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"என்னண்ணே, எழுத்துப் பிழையா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. சர்வே நம்பர் இருநூத்துப் பன்னண்டு. மேட்டு நிலம்னு போட்டிருக்கான்." மாரியப்பன் தாடையைச் சொறிந்தார். "இது ஏரிக்குள்ள இருக்கிற திட்டு, பூவு."

முன் சீட்டில் இருந்த நல்லக்கண்ணு திரும்பினான். "எந்தத் திட்டு? நாரைத் திட்டா?"

அரசவனூர் ஏரிக்கு நடுவே திட்டு ஒன்றுதான். நாட்டுக் கருவேல மரங்கள் அடர்ந்த மேடு. சித்திரையில் ஏரி வற்றிக் கிடந்தபோது ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் வந்து பார்த்தார். அப்போது அது கால் நனையாமல் நடந்து போகிற தூரத்தில் சாதாரண மேடாகத்தான் இருந்தது. பாட்டன் காலத்திலிருந்து அது மிராசுதார் காயாரோகணம் பிள்ளையின் பட்டாவில் இருந்தது. உபரி நிலம் ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தபோது, பிள்ளை முதலில் எழுதிக் கொடுத்ததே அதைத்தான். திட்டு எங்கேயும் போகப் போவதில்லை, தண்ணீரைத் தாண்டிப் போய் எவனும் அங்கே ஏர் பூட்டப் போவதும் இல்லை என்பது அவர் கணக்கு. காகிதத்தில் நிலம் குறையும், கையில் ஒன்றும் குறையாது.

பஸ்ஸில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். ஊர் வந்து சேர்வதற்குள் பூவம்மாளுக்குத் 'தீவுக்காரி' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அவள் அழுவாள் என்று நல்லக்கண்ணு எதிர்பார்த்தான். அழவில்லை. மழை ஓய்ந்து ஏரி நிரம்பிய பிறகு, கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் காலை, "கொல்லையில ரெண்டு வாழ சாஞ்சு கெடக்குல்ல? வெட்டித் தெப்பம் கட்டுங்க. எம் பூமியப் பாத்துட்டு வரணும்" என்றாள்.

"பாத்து?"

"பாக்கத்தான். நிலம் வாங்கினவ பாக்க வேணாமா?"

இரண்டு வாழை போதவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டு இன்னும் இரண்டு வாங்கினார்கள். தெப்பத்தில் பூவம்மாளும் மாரியப்பனும் குந்திக்கொள்ள, நல்லக்கண்ணு மூங்கிலை ஊன்றித் தள்ளினான்.

கரையிலிருந்து பார்க்கும்போது திட்டு வெறும் சத்தமாகத்தான் இருந்தது. கிட்டே போகப் போக அதன் வாடை வந்தது. அப்புறம் மரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. கருவேலங்கிளை ஒவ்வொன்றிலும் நாலைந்து கூடுகள். உச்சியில் நத்தைகொத்தி நாரைகள் மூடியும் மூடாத அலகுகளைத் தட்டிக்கொண்டிருந்தன. நடுக்கிளைகளில் நீர்க்காகங்கள், அதற்கும் கீழே வக்காக்கள். இடம் பிடிப்பதில் நடந்த சண்டையைப் பார்த்தால் பட்டா வழங்கும் விழா தேவலை. ஒரு நாரை கொண்டுவந்து வைத்த குச்சியை, அது திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு நாரை உருவித் தன் கூட்டில் செருகிக்கொண்டது.

பூவம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். தலையில் சொத்தென்று ஒன்று விழுந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

மாரியப்பன் துண்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே நிலத்தை அளந்தார். "மண்ணு கறுப்பா நல்லாத்தான் இருக்கு. மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டா கேழ்வரகு போடலாம், மொளகா போடலாம். ஒரே நாள் வேல, பூவு. சங்கத்துலேர்ந்து இருவது பேர கூட்டியாறேன். பிள்ள நம்மள முட்டாளாக்கப் பாத்தாரு. உழுது காட்டுவோம்."

"குடியிருக்குறவனுக்கே மன சொந்தம்னு போன வருஷம் சட்டம் வந்துச்சே, நீங்கதான மைக்குல பேசினீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இதுங்க இங்க எத்தன வருஷமா குடியிருக்குதுங்க?"

மாரியப்பன் அண்ணாந்து கூடுகளைப் பார்த்தார். நல்லக்கண்ணு மூங்கிலைப் பிடித்தபடி குலுங்கிச் சிரித்தான்.

ஆனால் திரும்பும் வழியில் பூவம்மாள் சிரிக்கவில்லை. திட்டைச் சுற்றித் தண்ணீர் பச்சைப் பசேலென்று கெட்டியாக இருந்ததைப் பார்த்திருந்தாள். அது அப்படியே தெற்கே, முதல் மதகைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. முதல் மதகில் பாய்வது பிள்ளையின் எட்டு ஏக்கர். அந்த எட்டு ஏக்கரில் பதினேழு வருஷமும் நட்டவள் அவள். பக்கத்து வயல் பயிர் வெளுத்து நிற்கும்போது அங்கே மட்டும் கறுத்து நிற்கும். அறுத்துக் கட்டும்போது கட்டு கனக்கும். யூரியா கிடைக்காமல் ஊரே அலைந்த சமயங்களில், "நான் உர மூட்டைய கண்ணால பாத்ததில்ல" என்று பிள்ளை டீக்கடை வாசலில் நின்று பெருமை பேசுவதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவர் கைராசி என்று சொல்லிக்கொண்டார்கள்.

கைராசி இல்லை, பறவை எச்சம். பூவம்மாள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

மார்கழி முழுவதும் மாரியப்பன் விடவில்லை. வெட்டணும், வெட்டணும் என்று வந்து நின்றார். பொங்கல் கழியட்டும் என்று அவள் தள்ளிப்போட்டாள். பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் பிள்ளையின் களத்துக்குப் போனாள். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் அவர் எதிரே 'ஆண்டே' என்று சொல்லிக் கைகட்ட வேண்டும். சங்கம் வந்த பிறகு 'ஐயா' போதும் என்று ஆகியிருந்தது.

"கும்புடுறேங்கய்யா. பெரிய கோடாலி ஒண்ணு வேணுங்க. ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடுறேன்."

"ஊருக்கே தீவுக்காரி, கோடாலிக்கு என்கிட்ட வர்றியே." பிள்ளை நல்ல மனநிலையில் இருந்தார். "அந்தக் கொட்டாயில இருக்கு, எடுத்துக்க. எதுக்கு, வெறகுக்கா?"

"திட்டுல மரம் வெட்டத்தாங்க. எல்லாத்தையும் மொட்டையடிச்சுட்டு கேழ்வரகு போடலாம்னு."

பிள்ளையின் வாயில் வெற்றிலை நின்றுபோனது.

"மரத்தையா? எல்லாத்தையுமா?"

"நிழல் இருந்தா கேழ்வரகு வராதுங்களே."

பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். "அதுல பறவைங்க கூடு கட்டியிருக்குடி! குஞ்சு குளுவான் இருக்கு. வாயில்லா ஜீவன். மனுஷியா நீ? பாவம் இல்லையா?"

அந்த வாய் பறவைக்காக இவ்வளவு இரங்கி அவள் கேட்டதில்லை. போன தையில் அவர் மருமகன் அதே ஏரியில் வக்கா சுட்டுக் கொண்டுவந்து வறுத்துத் தின்றபோது பாத்திரம் கழுவியது பூவம்மாள்தான்.

"பாவந்தாங்க. எம் புள்ளைங்களும் ரெண்டு இருக்குதுங்களே. எனக்குக் குடுத்த பூமியில நான்தான வெள்ளாம பண்ணணும்?"

பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்திருப்பதும் புரிந்துவிட்டது. குரலைத் தழைத்தார். "சரி, அத எனக்கே விட்டுரு. பதிலுக்குக் கெழக்க மணக்காட்டுல ரெண்டு ஏக்கர் வாங்கிக்க."

"மணக்காட்டுல முள்ளுதாங்க மொளைக்கும். மொத மதகுல ஒரு ஏக்கர் குடுங்க, போதும். அறுவது சென்ட்ட நான் கேக்கல."

"மொத மதகா!" நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "எங்கப்பன் பாட்டன் மண்ணுடி அது! போ, கோடாலியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

"சரிங்கய்யா. சங்கத்துல கோடாலி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பூவம்மாள் நடந்தாள். களத்தைத் தாண்டும்வரை நிதானமாக நடந்தாள். தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையிடம் நிலம் கேட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறாள், ஓடி வரவில்லை. அதுவே பெரிதாகத் தோன்றியது.

வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு தெப்பங்களில் சங்கத்து ஆட்கள் திட்டில் இறங்கினார்கள். பூவம்மாள் மாரியப்பனிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: ஓரத்தில் பட்டுப்போன ஒரு மரம் இருக்கிறது, அதில் கூடு இல்லை, முதல் வெட்டு அதில்தான், அப்புறம் நான் சொல்கிறபடி. அப்புறம் என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளை இறங்கி வராவிட்டால் இந்தத் திட்டுதான் அவளுடைய ஒரே நிலம். இரண்டு பிள்ளைகளுக்கும் விட்டுப்போக வேறு ஒன்றும் இல்லை.

நல்லக்கண்ணு பட்ட மரத்தில் கோடாலியை இறக்கினான். காய்ந்த கட்டை, சத்தம் தண்ணீர் மேல் தட்டி எதிர்க்கரை வரை போயிற்று.

அவ்வளவுதான். திட்டு முழுவதும் ஒரே வீச்சில் மேலே கிளம்பியது. ஆயிரம் இறக்கைகள் அடித்த காற்றில் துண்டுகள் பறந்தன. வெயில் மறைந்து திரும்ப வந்தது. பெரிய பறவைகள் எல்லாம் போய்விட, கூடுகளில் குஞ்சுகள் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு வெயிலில் கிடந்தன. அதற்காகவே காத்திருந்தது மாதிரி இரண்டு பருந்துகள் தாழ இறங்கின. ஒன்று கூட்டுக்குள் காலை விட்டு எதையோ தூக்கிக்கொண்டு போயிற்று.

"நிறுத்துங்க!" பூவம்மாள் ஓடிப்போய்க் கோடாலிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள். "போதும், நிறுத்துங்க. யாரும் எதையும் தொடாதீங்க. உக்காருங்க எல்லாரும், அசையாம உக்காருங்க."

"ஒரு வெட்டுத்தான ஆச்சு?" என்றான் நல்லக்கண்ணு.

"அந்த ஒண்ணே போதும். எனக்குக் கேழ்வரகு வேணாம்."

மாரியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். தன் கோடாலியைக் கீழே வைத்தார். இருபது பேரும் முள்ளுக்குள் குந்தினார்கள். பறவைகள் வட்டமடித்து வட்டமடித்து ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. முதல் நாரை தன் கூட்டில் கால் வைத்தபோதுதான் பூவம்மாள் கோடாலிக் காம்பை விட்டாள். நிலமும் போயிற்று, கேலியும் மிச்சமாயிற்று, போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கரையில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் கண்டது, கோடாலிச் சத்தமும் பறவைகள் கிளம்பி வானம் கறுத்ததும்தான். கலவரம் வரப்போகிறது என்று பிள்ளை எழுதிப் போட்ட மனுவுக்காக ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இராஜாங்கமும் சைக்கிளில் அங்கே வந்து நின்றிருந்தார். மீன்காரர் ஒருவரின் தெப்பத்தைப் பிடித்துப் பிள்ளை ஏறினார். கூடவே இன்ஸ்பெக்டரையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேருக்குத் தாங்காதுங்க" என்றார் மீன்காரர்.

"தள்ளுய்யா! எட்டு ஏக்கர் போயிக்கிட்டிருக்கு!"

தெப்பம் பாதி ஏரியைத் தாண்டியது. திட்டுக்கு இருபது முழம் இருக்கும்போது பிள்ளை எழுந்து நின்று, "ஏ பூவம்மா, வெட்டாதே!" என்று கையை வீசினார். வாழைத்தண்டு அவருக்கு இடம் கொடுக்கவில்லை. பிள்ளை ஒரு பக்கமும், இராஜாங்கம் தன் தோல்பையோடு மறுபக்கமுமாக விழுந்தார்கள்.

தண்ணீர் மார்பளவுதான். நல்லக்கண்ணுவும் இன்னும் மூன்று பேரும் இறங்கி இருவரையும் கைத்தாங்கலாகத் திட்டில் ஏற்றினார்கள். பதற்றத்தில் நல்லக்கண்ணு, "பாத்துங்க ஆண்டே" என்று பழைய வார்த்தையைச் சொல்லிவிட்டான். மாரியப்பன் முறைத்த முறைப்பில் உடனே, "பாத்துங்கய்யா" என்று திருத்திக்கொண்டான்.

பிள்ளையின் வெள்ளை வேட்டி பாசியில் பச்சையாகியிருந்தது. அவர் மேலே பார்த்தார். கூடுகள் இருந்தன. மரங்கள் இருந்தன. அவர் தோளில் ஒரு நீர்க்காகம் தன் பங்கைப் போட்டது. பாட்டன் காலத்திலிருந்து தன் பெயரில் இருந்த இந்தத் திட்டில் அவர் கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை.

"வெட்டலையா?"

"இன்னும் வெட்டலைங்க" என்றாள் பூவம்மாள். பொய் இல்லை. அந்த 'இன்னும்' மட்டும் கொஞ்சம் அதிகம்.

மாரியப்பன் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிள்ளை வேட்டியைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே சுற்றிலும் பார்த்தார். இருபது ஆட்கள், ஆறு கோடாலிகள், தலைக்கு மேலே தன் எட்டு ஏக்கரின் உரம் முழுவதும். "அம்பது சென்ட்" என்றார்.

"ஒரு ஏக்கருங்க."

"எழுவது."

"ஒரு ஏக்கரு, மதகுலேர்ந்து முதல் வாய்க்கால் பக்கமா. குஞ்சு இருக்குற மரமுங்க. எனக்கும் கை வரல. நீங்க சொன்னாத்தான் இவங்க கேப்பாங்க."

பிழிந்த வேட்டியை விட்டுவிட்டுப் பிள்ளை நிமிர்ந்தார். "பதினேழு வருஷம் நட்டப்ப வாயே தொறந்ததில்லையே நீ."

"அப்பல்லாம் யாரு என்னக் கேட்டாங்க?"

இராஜாங்கம் பையைத் திறந்து நனைந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கருவேல முள்ளில் குத்திக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஏரிக்குள் இருக்கிற திட்டை மேட்டு நிலம் என்று எழுதியது அவர் கை. அது மேலே தெரிவதற்குள் சரியானால் அவருக்கும் நல்லது. "நான் வந்தப்ப தண்ணி இல்லீங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார். "சாகுபடிக்கு லாயக்கில்லாதது தவறுதலா சேர்ந்துடுச்சுன்னு ஐயா ஒரு மனு குடுத்து, பதிலுக்கு வேற நிலம் ஒப்படைச்சா மாத்தி எழுத வழி இருக்கு. நானே பரிந்துரை பண்ணுறேன்."

"திட்டு?" என்றார் மாரியப்பன். "மறுபடியும் இவர் பேர்லயா? அது நடக்காது. அடுத்த வருஷம் இவரு மருமகன் துப்பாக்கியோட வந்து நிப்பாரு."

பூவம்மாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "யாரு பேர்லயும் வேணாங்க. ஏரியோட சேத்துப் புறம்போக்குன்னு எழுதிடுங்க. வெட்டக் கூடாது, சுடக் கூடாதுன்னு பஞ்சாயத்துல தீர்மானம் போட்டுருவோம். எச்சம் எல்லார் வயலுக்கும்தான் பாயுது."

பிள்ளை யோசித்தார். திட்டு யார் பேரில் இருந்தாலும் தண்ணீர் முதலில் வருவது தன் மதகுக்குத்தான். மீதி ஏழு ஏக்கர் பிழைக்கும். "எழுதுய்யா" என்றார் இராஜாங்கத்திடம்.

"காகிதம் காயட்டுங்க" என்றார் அவர்.

காகிதம் காய்ந்து, மேலே போய், கீழே வந்து, அளந்து கல் நட ஆனி மாதம் ஆகிவிட்டது. அந்த வருஷச் சம்பாவை முதல் மதகுக்குக் கீழே தன் சொந்த ஒரு ஏக்கரில் பூவம்மாள் நட்டாள். நடவுக்குப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். சங்கம் நிர்ணயித்த கூலியை ஒரு மரக்கால் குறையாமல் கேட்டு வாங்கித் தர மாரியப்பன் வரப்பில் வந்து நின்றார். "என்கிட்டயேவாண்ணே?" என்று அவள் கேட்டாள். "நிலம் இருந்தா மிராசுதான்" என்றார் அவர், சிரிக்காமல். ஒரு மரக்கால் குறையாமல்தான் கொடுத்தாள்.

அந்த வருஷம் பறவைகள் வர நாளாயிற்று. ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி ஆனது. தினமும் காலையில் மதகடியில் நின்று வானத்தைப் பார்ப்பாள். அந்தப் பக்கத்து வரப்பில் பிள்ளையும் நின்று பார்ப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் அவரே, "என்ன, ஒண்ணையும் காணுமே?" என்றார்.

"மழ இன்னும் பத்தலைங்கய்யா. வந்துடும்."

அடுத்த வாரம் ஏழு நாரைகள் வந்தன. அதற்கு அடுத்த நாள் எண்ண முடியவில்லை.

மார்கழி பிறந்த நாலாம் நாள் ஒரு ஜீப் ஏரிக்கரையில் வந்து நின்றது. வெளியூர் ஆட்கள் நான்கு பேர், கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி இரண்டு. நடவுக்கு வந்த அதே பெண்களோடு களையெடுத்துக்கொண்டிருந்த பூவம்மாள் சேற்றுக் கையோடு கரையேறி ஓடினாள். மதகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். வயதுக்கு அவர் ஓடியது அதிகம்.

"இது பஞ்சாயத்து ஏரிங்க. இங்க சுடக் கூடாது. தீர்மானம் இருக்கு" என்றாள் பூவம்மாள், மூச்சு வாங்க.

துப்பாக்கிக்காரர் அவள் சேலையைப் பார்த்தார்; சேற்றைப் பார்த்தார். "நீ யாரும்மா கேக்க?"

"மொத மதகுப் பட்டாதாரருய்யா அவங்க" என்றார் பிள்ளை. 'அவங்க' என்றது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும்; சற்றுத் தடுமாறினார். அப்புறம் அதை மறைக்கிற மாதிரி இன்னும் உரக்கக் கத்தினார். "வண்டிய எடுங்க முதல்ல! பேர் எழுதிக்கட்டுமா?"

நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் கரைமேல் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஜீப்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துப்பாக்கியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, மன்னார்குடி சாலைக்கு எப்படிப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். பூவம்மாள் வழி சொன்னாள்.

வண்டி போன பிறகு பிள்ளை கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பூவம்மாள் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டாள். தண்ணீர் பச்சையாக, கெட்டியாக இருந்தது. களையெடுக்க இன்னும் பாதி வயல் பாக்கி இருந்தது. அவள் இறங்கிப் போனாள்.